பெயர் போடாத பாட்டு

ப்ரெஸ்காட்டின் பல்வரிசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு ஒழுங்கான பல்லை நான் வேறு எவன் வாயிலும் பார்த்ததில்லை. அவன் அப்பா கோணல் பல்லை நேராக்குகிற டாக்டர். பெல்வியூவில் ஏரியைப் பார்த்த வீடு, வீட்டுக்குப் பின்னால் சொந்தப் படகுத்துறை. பையனுக்குப் பன்னிரண்டு வயதில் கம்பி கட்டி, பதினைந்தில் தன் கையாலேயே கழற்றிவிட்டார். ஆனால் எங்கள் கூட்டத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் மானம் போய்விடும். அதனால் ப்ரெஸ்காட் வாயைச் சரியாகத் திறக்காமல் பாடினான். தலைமுடியை மூஞ்சியில் தொங்கவிட்டு, உதட்டை ஒட்டவைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து முணுமுணுப்பான். ஒரு தலைமுறையின் வேதனை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். வேதனையாவது மண்ணாங்கட்டியாவது. பல்லை மறைத்தான், அவ்வளவுதான்.

நான் லோர்னா கோஸ்கெலா. அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம் அடித்தவள். பேஸ் கிடார் வாசித்தவன் டக் ஒகாடா. ஆக மொத்தம் மூன்றே பேர். சியாட்டிலில் டக்கின் சித்தப்பா சலவைக் கடை வைத்திருந்தார். அதன் அடித்தளத்தில்தான் எங்கள் ஒத்திகை. மேலே வக்கீல்களின் கோட்டுகள் நீராவியில் சுருக்கம் நீங்கிக்கொண்டிருக்கும். கீழே நாங்கள் மூன்று நாள் துவைக்காத சட்டையோடு உலகம் அழுகிப்போய்விட்டது என்று கத்திக்கொண்டிருப்போம். அழுக்குச் சட்டைகளைத் துவைத்துத் தரட்டுமா என்று சித்தப்பா பலமுறை கேட்டிருக்கிறார், பாவம். அந்த அழுக்குக்கு நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம் என்று அவருக்குத் தெரியாது.

குழுவின் பெயர் ஸ்பிட்டூன். புகையிலை துப்புகிற படிக்கம். பெயர் வைத்தவன் ப்ரெஸ்காட். வாழ்நாளில் அவன் படிக்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. மரம் வெட்டிப் பிழைக்கிற ஹோக்வியம் என் ஊர்; அங்கே எங்கள் வீட்டில் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு காபி டின் அந்த வேலையைச் செய்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைக் கழுவி வைப்பது என் வேலை. பெயர் வைத்த அன்று ப்ரெஸ்காட்டும் டக்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அது. எங்கள் பக்கத்துக் குழுக்கள் இரண்டு மூன்று உலகமெல்லாம் பெயர் வாங்கியதும், லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் விமானம் விமானமாக வந்து இறங்கினார்கள். கிடாரைத் தப்பாகப் பிடித்தவன், மழையில் நனைந்தவன், குளிக்காதவன், எவனாயிருந்தாலும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்தார்கள். அப்பா மரம் வெட்டப் போகும்போது போட்டுக்கொண்டு போவாரே, கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை, அதை நியூயார்க்கில் துணிக்கடைப் பொம்மைக்கு மாட்டியிருப்பதாகப் பேப்பரில் படம் வந்தது. அதே மாதத்தில் அழிந்துவருகிற ஒரு காட்டு ஆந்தையைக் காப்பாற்ற அரசாங்கம் காட்டில் மரம் வெட்டத் தடை போட்டு, அப்பாவுக்கு வேலை போனது.

எங்கள் கூட்டத்தின் சட்டதிட்டங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். மேடையில் நன்றாக வாசிக்கக் கூடாது. வாசித்துவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும். யாராவது பாராட்டினால் முகத்தைச் சுளிக்க வேண்டும். கிடார் வாசிப்பதைவிடக் கிடாரைச் சரிசெய்ய அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். எதையும் மனசறிந்து சொல்லக் கூடாது. சொல்லிவிட்டாலும், சும்மா சொன்னேன் என்று தோளைக் குலுக்க வேண்டும். ‘இது என்னுடையது’ என்று எவனாவது எதையாவது சொன்னானோ, தொலைந்தான். அதோடு அவனை ஒருத்தரும் சீந்த மாட்டார்கள். இந்தச் சட்டங்களுக்கெல்லாம் சியாட்டிலில் என்னைவிடக் கறாரான போலீஸ்காரி கிடையாது.

எண்பத்தொன்பதில் முதல் சின்ன இசைத்தட்டு போட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். உறையில் என்ன அச்சடிப்பது என்று சலவைக் கடை அடித்தளத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பாட்டும் ப்ரெஸ்காட் எழுதியவை, இரண்டும் தண்டம்.

“பாட்டுக்குக் கீழ ‘எழுதியது ப்ரெஸ்காட்’னு சின்னதா போட்டுக்கலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“போடேன்” என்றேன். “அப்படியே உங்க வீட்டு ஃபோன் நம்பரையும் போடு. பல்லு கோணலா இருக்கிறவங்க கூப்பிடட்டும்.”

டக்குக்குக் குடித்துக்கொண்டிருந்த பீர் மூக்கு வழியாக வந்தது.

“இல்ல லோர்னா, எழுதினவன் பேரைப் போடறதுல என்ன தப்பு?”

“தப்பே இல்லடா. ஸ்டேடியத்துல சட்டை பட்டனைத் திறந்து போட்டுக்கிட்டு முடி பறக்கப் பாடறானே, அவனெல்லாம் போட்டுக்கிறான். நீயும் போட்டுக்கோ. முடி பறக்கறதுக்கு முன்னாடி ஒரு மின்விசிறி வச்சுக்கோ. நான் வேணா பின்னாடி நின்னு புகை விடறேன்.”

அவன் காது சிவந்துபோனது. பிறகு அவனே பேனாவை எடுத்து எழுதினான்: ‘எல்லாப் பாடல்களும் ஸ்பிட்டூன்.’ அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம். எந்தப் பாட்டிலும் யார் பெயரும் கிடையாது. அதைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது தெரியுமா? பெயர் போட்ட குழுக்களைப் பார்த்தாலே பக்கத்திலிருப்பவனுக்குக் கேட்கும்படி எதையாவது சொல்லிச் சிரிப்பேன்.

இனி என் அண்ணன் வெய்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் அப்பாவும் மரம் வெட்டுகிற ஒரே கும்பலில் வேலை பார்த்தார்கள். விடியுமுன் நாலரை மணிக்கு ஆள் ஏற்றும் வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். அம்மா இரண்டு சாப்பாட்டு டப்பாவைக் கட்டி மேஜையில் வைத்திருப்பாள். அப்பா ஒன்றை எடுப்பார், வெய்ன் ஒன்றை எடுப்பான். வெட்டிய மரத்துக்குக் கம்பிவடம் மாட்டுவது அவன் வேலை. எண்பத்தெட்டு அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மேலே கிடந்த மரம் ஒன்று உருண்டு வந்து அவனை அடித்தது. அவனுக்கு இருபத்திரண்டு வயது.

திங்கட்கிழமை அடக்கம் செய்தோம். செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பினார். நான் தூக்கம் வராமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கைப்பழக்கத்தில் இரண்டு டப்பாவைக் கட்டிவிட்டாள். மேஜையில் வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே நின்றாள். அப்பா அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் இரண்டையும் காலியாகக் கொண்டு வந்து கழுவும் தொட்டியில் வைத்தார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த மாதமே நான் சியாட்டிலுக்கு ஓடிவந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், சலவைக் கடையில் உட்கார்ந்து துணி ரசீதின் பின்பக்கத்தில் அதை எழுதினேன். எட்டு வரி. அழுதுகொண்டே எழுதினேன் என்று சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் எழுதினேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே போய், ப்ரெஸ்காட்டிடம் அந்தக் காகிதத்தை விட்டெறிந்தேன்.

“இந்தா. புதுத் தட்டுல ரெண்டாம் பக்கம் மூணு நிமிஷம் காலியா கெடக்கே, அதை அடைக்க ஆகும்.”

“என்னது இது?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

அந்தச் சும்மாதான் கல்லூரி வானொலிகளில் எல்லாம் ஓடியது. ‘ரெண்டு டப்பா’ என்ற ஒரே பாட்டுக்காக லாஸ் ஏஞ்சலீஸ் கம்பெனியிலிருந்து லோவெல் என்ற ஆள் எங்களைத் தேடி வந்தான். அவனுக்கு நாற்பது வயது, ஆனால் பதினெட்டு வயதுக்காரன் மாதிரி பேசுவான். எங்களுடைய மற்றப் பாட்டுகளையும் கேட்டான். அவை ஓடிய நேரமெல்லாம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு விஷயத்தில் அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கோடையில் ஒரு பத்திரிகையில் ப்ரெஸ்காட்டின் பேட்டி வந்தது. சித்தப்பாவின் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்தது, நின்றுகொண்டே படித்தேன். என் ஊரான ஹோக்வியத்தில் மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்தானாம். அண்ணன் காட்டில் செத்தானாம். அம்மா இரண்டு டப்பா கட்டினாளாம். முடியைத் தொங்கவிட்டபடி சுவரில் சாய்ந்து நிற்கிற படமும் போட்டிருந்தார்கள். அதைக் கிழித்துப் போடக் கை போனது. எங்கள் கூட்டத்தில் கோபப்படுவதும் கேவலம் என்பதால் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் லோவெல் ஒரு யோசனையோடு வந்தான். ப்ரெஸ்காட்டைச் சொந்த ஊருக்கே கூட்டிப்போய், ஊர் ஜனங்கள் முன்னால் அந்தப் பாட்டைப் பாடவைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். ஹோக்வியத்தில் மரத்தொழிலாளர் சங்கக் கூடத்தைப் பேசிவிட்டானாம். சனிக்கிழமை மதியம், வருகிறவர்களுக்கெல்லாம் மட்டிச் சூப்பு இலவசம். ப்ரெஸ்காட்டின் முகம் வெளுத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அது கொஞ்ச நேரத்துக்குத்தான். சங்கக் கூடம் என்றால் அப்பாவும் அங்கே இருப்பார் என்பது பிறகுதான் உறைத்தது. அன்று மாலையே வீட்டுக்கு ஃபோன் பண்ணினேன். அப்பாதான் எடுத்தார்.

“அப்பா, சனிக்கிழமை ஹாலுக்கு ஒரு கூட்டம் வருது.”

“தெரியும். சாவி எங்கிட்டதான இருக்கு. வேலை இல்லாம சும்மா கெடக்கிறேன்னு ஹாலைப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க. லாஸ் ஏஞ்சலீஸ்காரன் ஒருத்தன் பேசினான். எல்லாம் பழசாவே இருக்கணும், சுத்தம் கித்தம் பண்ணிடாதீங்கன்னான். நான் பாட்டுக்குக் கூட்டிப் பெருக்கி வச்சுட்டேன்.”

“அது எங்க குழுதான்பா.”

“நீ தட்டறியே, அதுவா?”

“ஆமா. நீங்க கதவைத் திறந்துவிட்டுட்டு வீட்டுக்குப் போயிடுங்க. ஒரே இரைச்சலா இருக்கும். உங்களுக்குப் பிடிக்காது.”

“நாப்பது வருஷம் சங்கிலி ரம்பத்துக்குப் பக்கத்துல நின்னவன் நான். என்ன இரைச்சல் எனக்கு?” என்றார். “அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ வரமாட்டா. நான் இருப்பேன்.”

அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம், வேறு ஏதாவது பாடலாம் என்று லோவெலிடம் சொல்லிப் பார்த்தேன். வேறு என்ன இருக்கிறது உங்களிடம் என்று கேட்டான்.

சனிக்கிழமை காலை மழையில் வேனில் கிளம்பினோம். டக் ஓட்டினான். ப்ரெஸ்காட் பழைய துணிக்கடையில் வாங்கிய வேலைச் சட்டை போட்டிருந்தான். பையில் ‘கிளிஃப்’ என்று எவனோ ஒருவன் பெயர் நூலால் தைத்திருந்தது. கீழே, லோவெல் புத்தம் புதிதாக வாங்கிக் கொடுத்த ஆணி பூட்ஸ். மரத்தின் மேல் வழுக்காமல் நிற்க அடியில் ஆணி வைத்தது. புதிது என்று தெரியாமலிருக்க அதன் மேல் காபியை ஊற்றித் தேய்த்துக்கொண்டே வந்தான்.

“லோர்னா, ஹோக்வியத்துல மரம் வெட்டறவங்க என்ன சாப்பிடுவாங்க? யாராவது கேட்டா சொல்லணும்.”

“பல் டாக்டர் பசங்களை.”

“சும்மா இருடி.”

“உனக்கு ஒரு அக்காதானடா இருக்கா, டென்னிஸ் ஆடிக்கிட்டு? அவ மேல எப்ப மரம் விழுந்துச்சு?”

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். “பேட்டி எடுத்தவன் இது நெசமா நடந்ததான்னு கேட்டான். இல்லன்னு சொன்னா பாட்டு அங்கயே செத்துடும். எல்லாரோட பாட்டுதானே, யார் வாயில வந்தா என்ன?”

டக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். அவனுக்கு வெய்னைப் பற்றித் தெரியும். ஒரு தடவை நான் குடித்துவிட்டு உளறியிருக்கிறேன்.

“டேய், அது அவ வீட்ல நடந்தது” என்றான் டக்.

“அப்படியா?” ப்ரெஸ்காட் என் பக்கம் திரும்பினான். முதலில் நிஜமாகவே திகைத்துத்தான் போனான், அதை நான் மறைக்க மாட்டேன். அப்புறம் அவன் உதடு மெல்ல விரிந்து பல்லெல்லாம் தெரிந்தது. “சொல்லியிருக்கலாமே லோர்னா. இப்பக்கூடச் சொல்லு, நிறுத்திடலாம். அடுத்த உறையில பேரு போட்டுடலாம். ‘எழுதியது லோர்னா கோஸ்கெலா’. கொட்டை எழுத்துல. மின்விசிறி ஏதும் வேணுமா?”

அன்று நான் செய்த கிண்டலை மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருந்து வட்டியோடு திருப்பிக் கொடுத்தான். அவன்மேல் அன்றுதான் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

“போடா” என்றேன். “எனக்கென்ன வந்துது. பாடு.”

டக் அதற்குப் பிறகு கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை.

கூடத்தின் வாசலில் அப்பா நின்றிருந்தார். நாலு வருஷத்தில் தோள் ஒடுங்கிப்போயிருந்தது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குப் பின்னால் ப்ரெஸ்காட் கிடாரைத் தூக்கிக்கொண்டு படியேறினான். டொக் டொக்கென்று ஆணிச் சத்தம்.

“தம்பி, பூட்ஸை வெளிய கழட்டு” என்றார் அப்பா.

“என்னது?”

“ஆணி பூட்ஸு. உள்ள போடக் கூடாது. தரை ஓட்டை ஓட்டையாப் போயிடும்.”

எங்கள் ஊரில் நடக்கப் பழகின குழந்தைக்கும் இது தெரியும். சூப்புக் கிண்ணத்தோடு நின்ற நாற்பது பேரும் ப்ரெஸ்காட்டின் காலைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இவன் இந்த ஊர்க்காரன் இல்லை என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. ப்ரெஸ்காட் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். உள்ளே பளிச்சென்று வெள்ளைக் காலுறை, டென்னிஸ் ஆடுகிறவர்கள் போடுவது. அக்காவுடையதாக இருக்கும்.

“அட்டகாசம்” என்றான் லோவெல், கேமராக்காரனிடம். “காலுறையோட பாடட்டும். அதை எடு, அதை எடு.”

ஊர்க்காரர்கள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பாதிப் பேருக்கு என்னைக் குழந்தையிலிருந்து தெரியும். ஒருத்தர் வெய்னின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். முதல் இரண்டு பாட்டுக்கும் அவர்கள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். சங்கக் கூட்டத்தில் வெளியூர்த் தலைவர் பேசும்போதும் இப்படித்தான் உட்காருவார்கள். பிறகு ப்ரெஸ்காட் மைக்கைப் பிடித்தான்.

“அடுத்த பாட்டு எங்க அண்ணனைப் பத்தினது” என்று முணுமுணுத்தான். “இந்த மலையிலதான் செத்தான். மரம் உருண்டு. எங்கம்மா...”

அதற்குமேல் யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் அவனைத் தாண்டி என் பக்கம் திரும்பின. அப்பா கடைசியில் கதவோரம் நின்றிருந்தார். அவரும் என்னைத்தான் பார்த்தார்.

குச்சிகள் என் கையில் இருந்தன. கீழே வைத்துவிட்டு எழுந்தால் போதும். ‘டேய், அது என் அண்ணன், அவன் பேரு வெய்ன்’ என்று சொன்னால் முடிந்தது. அப்படிச் சொல்கிறவளைப் பற்றி நாங்கள் என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியும். ‘பாருடா, அழறா, கேமரா முன்னாடி அழறா.’ அப்படிப்பட்டவர்களை நான் எத்தனை பேரைப் பேசியிருக்கிறேன். டக் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தான். நான் நாலு எண்ணினேன், பாட்டு ஆரம்பித்தது.

அந்தப் பாட்டை நாங்கள் இருநூறு தடவை வாசித்திருப்போம். அன்றுதான் அதன் வார்த்தைகள் எனக்குக் கேட்டன. ப்ரெஸ்காட் வழக்கம்போல அவற்றை மென்று துப்பினான். இரண்டாவது டப்பாவை அப்பா எடுத்துக்கொண்டு போகிற வரி வந்தபோது கதவோரம் பார்த்தேன். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாட்டு முடிந்தது. ஒருத்தரும் கை தட்டவில்லை.

“பாத்தியா அந்த மௌனத்தை?” என்று லோவெல் கிசுகிசுத்தான். “காசு கொடுத்தாலும் கிடைக்காது. கேமராவை நிறுத்தாத.”

அப்பா நாற்காலிகளுக்கு நடுவே மெதுவாக நடந்து மேடைக்கு வந்தார். ப்ரெஸ்காட்டை நிமிர்ந்து பார்த்தார்.

“உங்கண்ணன் எந்தக் கம்பெனியில இருந்தாரு, தம்பி?”

“அது... பல இடத்துல இருந்தான் சார்.”

“ம்” என்றார் அப்பா. அவனைத் திட்டவில்லை. இளப்பமாகக்கூடப் பார்க்கவில்லை. அந்த வித்தையெல்லாம் அவருக்குத் தெரியாது. பிறகு என் பக்கம் திரும்பினார். “லோர்னா. இந்தப் பாட்டு யாரோடது?”

ப்ரெஸ்காட் முடியை விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். டக் பார்த்தான். கேமரா பார்த்தது. ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. என் தொண்டைக்குள் அது வந்தும் விட்டது. ஆனால் மூன்று வருஷமாக இந்த வாயை நான் எதற்குப் பழக்கியிருந்தேனோ, அதைத்தான் அது செய்தது.

“எல்லாரோடதும்பா” என்றேன். “நாங்க பேரு கீரு போடறதில்ல.” சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினேன். லேசாகச் சிரித்தும் வைத்தேன்.

“அப்படியா” என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்து வெளியே போனார்.

ப்ரெஸ்காட்டின் முகத்தில் அப்போது ஜெயித்த களை இருந்திருந்தால் நான் அவனை மன்னித்திருப்பேன். இல்லை. அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். ஏரிக்கரை வீட்டுப் பிள்ளை, பொய்யன், தரையைப் பார்த்துப் பாடுகிறவன், என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். குச்சிகளைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

அப்பா லாரியில் ஏறி இன்ஜினைப் போட்டிருந்தார். கண்ணாடித் துடைப்பான் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலைத் தட்டினேன். இறக்கினார்.

“அப்பா, அது நான் எழுதினது.”

“தெரியும்.”

“அவனுக்கு நான் எதுவும் சொல்லலை. நானேதான் எழுதினேன். ஒவ்வொரு வரியும்.”

“தெரியும் லோர்னா. அன்னைக்கு அடுப்படியில மூணு பேர்தான இருந்தோம். நானும் உங்கம்மாவும் பாட்டெழுதறவங்க இல்ல.”

மழை என் பிடரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. “தெரிஞ்சுக்கிட்டே பின்ன ஏன் அத்தனை பேர் முன்னாடி கேட்டீங்க?”

அவர் துடைப்பானை நிறுத்தினார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அவன் போயி நாலு வருஷம் ஆச்சு” என்றார். “எங்களாலதான் அவனைப் பத்திப் பேச முடியலை. நானும் பேசல, உங்கம்மாவும் பேசல. நீ பேசியிருக்க. அதுவும் எவ்வளவு நல்லா. கேட்டப்போ எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. அத்தனை பேர் முன்னாடி, எம் பொண்ணுதான் எழுதினான்னு நீ சொல்லி நான் கேக்கணும்னு ஆசைப்பட்டேன். வேற ஒண்ணுமில்ல.”

“இப்ப சொல்றேன்ல அப்பா.”

“இங்க யார் இருக்கா, நான்தான இருக்கேன்” என்றார். “போ, உன்னைக் கூப்பிடறாங்க.”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். லாரி திரும்பி, மூடிக்கிடந்த மர ஆலையைத் தாண்டிப் போனது. வாசலில் லோவெல் குடையோடு நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை எடுக்க வேண்டுமாம், முதல் தடவையில் ப்ரெஸ்காட்டின் முகம் சரியாக விழவில்லையாம்.

போகாமல் இருந்திருக்கலாம். வேனில் ஏறி உட்கார்ந்திருக்கலாம், பஸ் பிடித்து அம்மாவிடம் போயிருக்கலாம். நான் உள்ளே போனேன். மேடையில் ஏறி, தரையில் கிடந்த குச்சிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி நாற்காலிகள் காலியாகிவிட்டிருந்தன. ப்ரெஸ்காட் தன் அண்ணன் கதையை முதலிலிருந்து சொன்னான்; இந்தத் தடவை அவன் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நான் நாலு எண்ணி ஆரம்பித்தேன். தாளம் எந்த இடத்திலும் தப்பவில்லை.